லைன் நல்லாத்தான் இருக்கு

மறுபடியும் அதேதான் வருகிறது. பாஸ்வேர்டு தவறு. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத்தான் அடித்தேன், கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு. முதல் எழுத்து பெரியது, மற்றதெல்லாம் சின்னது, கடைசியில் மிருதுளா பிறந்த வருஷம். பெற்ற மகளின் பேரும் அவள் பிறந்த வருஷமும் எனக்குத் தப்பிவிடுமா என்ன. இன்னொரு தடவை. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, இதோ சேர்ந்துவிடும் என்று நெஞ்சு கொஞ்சம் மேலே வருகிறது, உடனே அதே வரி. நேற்று சாயங்காலம்கூட வந்ததே. மிருதுளாவோடு வீடியோவில் பேசினேனே, ஹாஸ்டல் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று கரண்டியில் மொண்டு காட்டினாளே. ஒரே ராத்திரியில் என்ன ஆகியிருக்கும். போன்தான் பழசு. போன் பழசானால் இப்படி ஆகும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அணைத்துப் போட்டேன். திரும்ப உயிர் வருவதற்குள் அடுப்பில் சாதம் கொதித்துப் பொங்கி வழிந்து, அதைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் மேலே ஓரத்தில் அந்த விசிறி மாதிரியான படம் முழுசாகத்தான் தெரிகிறது. சிக்னல் இருக்கிறது. வாசல் வரைக்கும் வருகிறது, உள்ளே விடமாட்டேன் என்கிறது. இல்லை, நான்தான் வாசலில் நிற்கிறேனோ. ஒரு மணிக்கு ஆன்லைன் தமிழ் கிளாஸ். மெல்போர்னில் அப்போது சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்து பால் குடித்துவிட்டு ஆதிரையும் நேத்ரனும் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போன மாசம் ஒரு நாள் கரண்ட் போய் நான் தாமதமாக வந்ததற்கு அவர்கள் அம்மா கவிப்பிரியா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், “டீச்சர், பசங்களுக்கு ரொட்டீன் மாறினா கஷ்டம், பாத்துக்கங்க” என்று. சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களிடம்தான் எனக்கு இப்போதெல்லாம் பயம்.

சரி, லேப்டாப். இது என் வீட்டுக்காரர் வாங்கியது, மூடியில் கீறல், மிருதுளா ஒட்டிய பூனை ஸ்டிக்கர் பாதி உரிந்து காது மட்டும் மிச்சம். இதிலும் அதே கேள்வி, இதிலும் அதே பதில். கீழே ஒரு வரி, பிரச்சினையைக் கண்டுபிடிக்கட்டுமா என்று கேட்டது. கண்டுபிடி. பச்சைக் கோடு ஒன்று இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது, ஏதோ மும்முரமாகத் தேடுவதுபோல. எனக்கு ஒரு நிம்மதி. இயந்திரம் பார்த்துக்கொள்ளும். எங்கேயாவது ஒரு வயர் தளர்ந்திருக்கும், ஒரு எண் மாறிப்போயிருக்கும், அதைச் சொல்லிவிடும், நானும் சரி செய்துவிடுவேன். இந்த நெட்டை வீட்டுக்குள் கொண்டுவந்த நாள் ஞாபகம் வருகிறது. லைன் போடும் ஆள் வயரை வெளிச்சுவர் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, துளை போட மிஷின் கொண்டுவரவில்லை என்று நின்றான். இவருக்குப் பொறுக்கவில்லை. மாமா கடையிலிருந்து டிரில்லிங் மிஷினை எடுத்து வந்து இவரே ஏணியில் ஏறிவிட்டார். மாமா என்றால் இவருடைய அண்ணன் ஜெகநாதன், செவ்வாப்பேட்டையில் ஹார்டுவேர் கடை, கீழ் வீட்டில் இருப்பவர்கள். மாமாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செங்கல் தூள் இவர் தலையில், புருவத்தில், காது மடலில் எல்லாம் கொட்டி, கீழே இறங்கியபோது சிவப்புப் பிசாசு மாதிரி இருந்தார். மாமாவின் மனைவி சுகந்தி அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி தளும்பியது. மோடம் கீழ் ஹாலில் இருக்கட்டும், டிவிக்குப் பக்கத்தில், மாடிக்குத் தானாகவே ஏறும் என்று சொன்னது யார். இவர்தான். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டபோது மகள் பேரைச் சொன்னதும் இவர்தான். மாமா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு பையன் இருக்கிறானே, சதீஷ் பேரையும் சேர்த்து வைக்கலாம் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்கலாம். பச்சைக் கோடு நின்றுவிட்டது. பிரச்சினையை அடையாளம் காண முடியவில்லை என்று எழுதி வந்தது. அவ்வளவு நேரம் தேடிவிட்டு.

ஒருவேளை அவர்கள் மாற்றி, இல்லை, அப்படி ஏன் நினைக்கணும். கேட் சாவி விஷயம் வேறு. பூட்டு துருப்பிடித்துப் போச்சு, புதுசு வாங்கினோம், உனக்கு ஒரு சாவி அடிச்சுத் தர்றோம் என்றார்கள். இன்னும் அடிக்கவில்லை, அவர்களுக்கும் வேலை இருக்குமில்லையா. மோட்டார் சுவிட்சைக் கீழே மாற்றியது கரண்ட் மிச்சமாகட்டும் என்று. மேலே தண்ணீர் நின்றுபோனால் மாடிப்படியில் நின்று, அக்கா, கொஞ்சம் மோட்டார் போடுங்களேன் என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், போட்டுவிடுவார்கள், உடனே இல்லாவிட்டாலும். இவருடைய வண்டி நின்ற இடத்தில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருப்பது, அந்த வண்டியைத்தான் விற்றாகிவிட்டதே, இடம் சும்மா கிடப்பதற்கு. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நானே சொல்கிறேன் பார், அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே காரணத்தை எடுத்துக் கொடுக்கிறேன். மாமனார் கட்டிய வீடு. மாடி இளைய மகன் குணசீலனுக்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை எல்லாரும் கேட்டோம். கேட்டவர்களில் ஒருத்தர், இவர், போன ஐப்பசியில், பல் துலக்கிக்கொண்டே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. குழாயை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, எல்லாரும் இறங்கிப் போய், அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சுகந்தி அக்காதான் நிறுத்தினாளாம், பிற்பாடு சொன்னாள், டேங்கே காலியாயிடுச்சு என்று. அந்த வார்த்தை எனக்கு ஏன் இன்னும் உள்ளே குத்திக்கொண்டு நிற்கிறது என்று தெரியவில்லை. அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. டேங்க் காலியாகத்தான் இருந்தது.

மாடிப்படியில் பாதி இறங்கி, வளைவில் உட்கார்ந்தால் கீழ் ஹாலின் ஒரு மூலை தெரியும். உட்கார்ந்து பார்த்தேன். திருட்டுத்தனமாக இருந்தது. எங்கள் வீட்டுப் படியில் நான் உட்காருவதற்கு எதற்குத் திருட்டுத்தனம். மோடம் சுவரில் இருக்கிறது, விளக்கெல்லாம் பச்சை, ஒன்று துடிதுடித்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு எரிந்தால் லைன் கோளாறு என்று இவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சிவப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்திருந்தால் இன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்திருப்பேன். கீழே யாரோ போனில் சமையல் வீடியோ பார்க்கும் சத்தம், ஒரு பெண் குரல் கடுகு போடுங்கள், பொரிய விடுங்கள் என்கிறது, நடுவில் தடங்கலே இல்லை, நிற்காமல் ஓடுகிறது. சத்தமில்லாமல் எழுந்து மேலே வந்தேன். போனில் டேட்டா கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பின்பக்கம் அடுக்குமாடி வந்ததிலிருந்து வீட்டுக்குள் டவர் கிடைப்பதில்லை. பால்கனிக் கம்பிக்கு வெளியே கையை நீட்டினால் ஒரு கோடு வரும், மடக்கினால் போகும். பேசுவதற்கு அது போதும், பாடம் எடுக்கப் போதாது. கம்பெனிக்கே கேட்டுவிடலாம் என்று கம்பியோரமாக நின்று கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, புகாருக்கு இரண்டை அழுத்து, காத்திரு. வீணை மாதிரி ஒரு இசை. அப்புறம் ஒரு பெண்.

“வணக்கம் மேடம், சொல்லுங்க, நான் எப்படி உதவணும்?”

“நெட் வரலைம்மா. காலையிலேர்ந்து பாஸ்வேர்டு தப்புன்னே சொல்லுது.”

“நீங்க கூப்பிடற நம்பர்ல கனெக்‌ஷன் எதுவும் காட்டலை மேடம். யார் பேர்ல இருக்குங்க?”

“குணசீலன். என் வீட்டுக்காரர். அவர் நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க.” பத்து எண்ணையும் சொன்னேன். அந்த சிம் நின்றுபோய் எத்தனையோ நாளாகிறது, நாக்குக்கு அது தெரியவில்லை.

விசைகள் தட்டும் சத்தம். “மேடம், இந்த நம்பர்ல இருந்த கனெக்‌ஷன் இப்போ வேற பேருக்கு மாறியிருக்கு.”

“யாரு பேருக்கு?”

“அதை நாங்க சொல்லக் கூடாது மேடம். போன மாசம் டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கு. முன்னால இருந்த கஸ்டமர் இறந்துட்டாருன்னு சர்டிஃபிகேட் குடுத்திருக்காங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். சின்னப் பெண்ணாக இருக்கவேண்டும், அந்த வார்த்தையை வாசித்துவிட்ட பிறகுதான் யாரிடம் வாசிக்கிறோம் என்று அவளுக்கு உறைத்திருக்கிறது. “சாரி மேடம்.”

“பரவாயில்லம்மா. லைன்ல கோளாறு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லும்மா.”

“லைன் நல்லாத்தான் இருக்கு மேடம். இப்பகூட யூஸ் ஆயிட்டுத்தான் இருக்கு.”

பெயரை மாற்றுவதில் என்ன தப்பு இருக்கிறது. இறந்தவர் பேரில் எத்தனை நாளைக்கு ஒன்றை வைத்திருக்க முடியும். ரேஷன் கார்டில் எடுத்தோம், கேஸில் எடுத்தோம், நானே போய் வரிசையில் நின்று எடுத்தேன், ஒவ்வொரு ஜன்னலிலும் அந்தச் சர்டிஃபிகேட்டை நீட்டி நீட்டி. ஆனால் இதை எனக்குச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை. தமயந்தி, நெட் கனெக்‌ஷனை என் பேருக்கு மாத்திட்டேன் என்று மாமா படியில் நின்று சொல்லியிருந்தால், சரிங்க மாமா என்றுதான் சொல்லியிருப்பேன், எல்லாவற்றுக்கும் சொல்வதுபோல. அந்தச் சர்டிஃபிகேட்டின் காப்பி அவரிடம் எப்படிப் போனது. நான்தான் கொடுத்தேன். வீட்டு வரிக்கு வேணும்மா என்று கேட்டார், உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன், டீ வேறு போட்டுக் கொடுத்தேன். அப்படியானால் வீட்டு வரி. அது யார் பேரில். இந்த இடத்தில் மனம் ஒரு படி தவறிக் காலை வைத்ததுபோல ஆகி, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம். இப்போது அதை யோசிக்கவேண்டாம். இப்போது கிளாஸ். இப்போது நெட்.

மிருதுளாவைக் கூப்பிட்டேன். லேப் முடிந்து சாப்பாட்டுக்குப் போகும் நேரம், பின்னால் ஒரே தட்டு சத்தம்.

“அம்மா, அந்த வைஃபை பேரை அழுத்திப் பிடிச்சு ஃபர்கெட் குடுத்தியா? குடுத்துட்டு மறுபடி போடு.”

“குடுத்தேன்டி. ரெண்டுலயும் குடுத்தேன்.”

“ஸ்பேஸ் கீஸ் விழுந்திருக்கப் போகுது.”

“ஒண்ணும் விழலை. மெஷின்ல ஏதோ கோளாறு.”

“மெஷின் கோளாறுன்னா பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லாதும்மா.” அவள் தட்டு சத்தத்திலிருந்து விலகி எங்கேயோ ஒதுங்கி நின்றாள், குரல் பக்கத்தில் வந்தது. “மாத்திட்டாங்கம்மா.”

“அப்படியெல்லாம் இருக்காது.”

“அம்மா.”

“எல்லாத்தையும் தப்பாவே பாக்கக் கூடாது மிருது.”

“நான் பெரியப்பாவுக்கு போன் பண்ணிக் கேக்கறேன்.”

“வேண்டாம். நீ போய்ச் சாப்பிடு. நானே கீழே போய்ப் பாத்துக்கறேன்.”

வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவள் சொன்னதை நான் காலையிலேயே, முதல் தடவை தவறு என்று வந்தபோதே, தெரிந்துகொண்டுவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. போனை அணைத்ததும் போட்டதும், ஃபர்கெட் கொடுத்துக் கொடுத்து மறுபடி சேர்த்ததும், பச்சைக் கோட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும், எல்லாம் கீழே போகும் நேரத்தைத் தள்ளிப்போட்டதுதான். பதினாறு படி கூட இல்லாத தூரம். சதீஷுக்கு ஓசூரில் வேலை, பெண் பார்த்தாகிவிட்டது, பெண் வீட்டார் வந்தபோது மாடியையும் ஏறிப் பார்த்தார்கள். நான் அப்போது சமையலறையில் இருந்தேன். அந்த அம்மாள் என் படுக்கை அறை வாசலில் நின்று, காத்து நல்லா வருதே என்றாள், என்னைப் பார்க்காமல், சுகந்தி அக்காவைப் பார்த்து. சுகந்தி அக்கா, ஆமாங்க, தெக்குப் பாத்த ஜன்னல் என்றாள். நான் தட்டில் மிக்சர் கொண்டுவந்து வைத்தேன்.

கீழே இறங்கிப் போனேன். சுகந்தி அக்கா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் தரையில் போன், அதே சமையல்காரி பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தாள்.

“வா தமயந்தி. சாப்பிட்டியா?”

“இன்னும் இல்லக்கா. நெட் வரமாட்டேங்குது, பாஸ்வேர்டு மாத்தினீங்களா?”

“ஆமா, உங்க மாமாதான் ராத்திரி ஏதோ பண்ணிட்டிருந்தாரு. பக்கத்து வீட்டுப் பசங்க எல்லாம் நம்ம நெட்டைத்தான் உறிஞ்சறாங்களாம். உன்கிட்ட சொல்லலையா?”

“சொல்லலைக்கா. புதுசு என்னன்னு சொன்னீங்கன்னா போட்டுக்குவேன். ஒரு மணிக்கு கிளாஸ் இருக்கு.”

“எனக்கு என்ன தெரியும் இந்தக் கர்மமெல்லாம். அவரே போட்டுக் குடுத்தாரு, ஓடுது. சாயங்காலம் வரட்டும், கேட்டுச் சொல்றேன்.”

“உங்க போனைக் குடுங்கக்கா. அதுலயே ஒரு க்யூஆர் படம் வரும், அதை என் போன்ல காட்டினாப் போதும், பாஸ்வேர்டே வேண்டாம்.”

அவள் கை கீரையை விட்டுப் போனுக்குப் போனது. எடுத்தாள். ஒரு நொடி, எனக்குத்தான் தரப்போகிறாள் என்று நானும் கையைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன். போனைக் கவிழ்த்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், புடவையை இழுத்து மூடினாள். “சார்ஜே இல்ல தமயந்தி, செத்துடும் இப்ப.” அடியிலிருந்து அந்தச் சமையல்காரி இன்னும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள், இறக்கும்போது கொத்தமல்லி தூவச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டோம். அக்கா கீரைக் காம்பு ஒன்றை எடுத்து, ஏற்கெனவே உருவிய காம்பை, மறுபடியும் உருவினாள். “நீயும் தனியா ஒண்ணு போட்டுக்கலாம்ல. இப்பத்தான் நீயும் சம்பாதிக்கறியே. மாமாகூட சொல்லிட்டிருந்தாரு, எல்லாம் தனித்தனியா இருந்தாத்தான் பின்னால மனஸ்தாபம் வராதுன்னு.” அப்புறம் அவளுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்கும், எழுந்தாள், போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள், கிண்ணத்தோடு வந்தாள். “கத்திரிக்காய் காரக்குழம்பு. உனக்குப் பிடிக்கும்ல, கொண்டு போ.” கை நீண்டு வாங்கிக்கொண்டது. இருபத்தொரு வருஷமாக இந்த வீட்டில் கொடுத்ததை வாங்கிப் பழகிய கை. கிண்ணம் சூடாக இருந்தது, படியேறும்போது புடவையைச் சுருட்டி அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். குழம்பு தருவார்கள். மூன்று வேளைக்கும்கூடத் தருவார்கள். கேட்காமலே தருவதற்கும் கேட்டும் தராததற்கும் நடுவில் எந்த இடத்தில் என்னை வைத்திருக்கிறார்கள் என்று கடைசிப் படியில் நின்றபோது ஓரளவு புரிந்தது. அழுகை வரவில்லை.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டவர் கிடைக்கும். நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன், குடையை இடது கையில் பிடித்துக்கொண்டேன். ஒரு மணி வெயில். தளம் செருப்பைத் தாண்டிக் காலைச் சுட்டது. திரையில் ஆதிரையும் நேத்ரனும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அங்கே குளிர்காலம். “டீச்சர், நீங்க பிக்னிக் போயிருக்கீங்களா?” என்று கேட்டான் நேத்ரன். ஆமாம் கண்ணா என்றேன். பின்னால் என் உள்பாவாடை கொடியில் காய்கிறது என்று தெரிந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டேன், திருப்பியதில் கோடு போனது, பழையபடி திருப்பினேன். மழை என்ற சொல்லை ஆதிரை மளை என்கிறாள், நாக்கை மேலே மடக்கு, இன்னும் மேலே, காற்றை விடு என்று நான் வாயைத் திறந்து காட்டுகிறேன், வியர்வை கண்ணில் இறங்குகிறது. ழ, ழ, ழ. தொட்டி மேல் ஒரு காக்கை உட்கார்ந்து கேட்டது. அந்தக் குழந்தைக்கு ஒரு தடவை சரியாக வந்தது. மழை! அவள் முகம் அப்படியே மலர்ந்து, கைதட்டப் போனாள், கை பாதியில் நின்றது, உதடு பாதியில் நின்றது, கட்டம் கட்டமாக உடைந்து போனது. இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன், குடை மட்டும் மெல்லச் சாய்ந்தது. உள்ளே வந்து கொஞ்ச நேரம் கழித்து, பால்கனிக் கம்பியில் கையை நீட்டி வைத்திருந்தபோது, கவிப்பிரியாவின் குறுஞ்செய்தி வந்து சேர்ந்தது. டீச்சர், இந்த வாரம் பிரேக் எடுத்துக்கலாம், நீங்க செட் ஆனதும் சொல்லுங்க. செட் ஆனதும். நானும் அதைத்தான் ஐப்பசியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் கவிப்பிரியா.

குழம்பைச் சாப்பிட்டேன். வீம்புக்குக் கொட்டலாம் என்று கொண்டுபோய்ச் சிங்க் ஓரம் நின்று, கொட்டாமல் திரும்பி வந்து, சாதத்தில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. மத்தியானம் முழுக்கப் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தேன். கோபப்படலாம் என்றால் யாரிடம் எதற்கு. ஒரு பாஸ்வேர்டுக்காகவா என்பார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள், எனக்கே அப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது, ஒரு பாஸ்வேர்டுக்காகவா தமயந்தி. அவர்கள் என்னை அடித்தார்களா, திட்டினார்களா, பட்டினி போட்டார்களா. கிண்ணம் இதோ கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சாட்சி சொல்ல என் பக்கம் ஒன்றுமே இல்லை, அவர்கள் பக்கம் கிண்ணம் கிண்ணமாக இருக்கிறது. இவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே கீழே போய், என்னண்ணா மாத்திட்டியா, சொல்லு என்று கேட்டிருப்பார். இல்லை, இவர் இருந்திருந்தால் மாற்றியே இருக்கமாட்டார்கள். அந்த வித்தியாசத்தில்தான் நான் குடியிருக்கிறேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமாவின் வண்டிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் படியில் காலடி. அந்தச் சர்டிஃபிகேட் காப்பியை வாங்கிப் போன பிறகு அவர் மாடிக்கு வந்ததில்லை. தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன்.

“என்னம்மா, நெட் வரலையாமே. உங்க அக்கா சொன்னா.”

“ஆமாங்க மாமா.”

“முன்னாடியே சொல்லியிருப்பேன், மறந்தே போச்சு. எங்க, அந்த லேப்டாப்பைக் குடு.” அவருக்கு எப்போதும் மெதுவான குரல். கடையில் வேலையாட்களைத் திட்டும்போதும் அதே மெதுவான குரல்தான், அதனால்தான் நல்ல மனுஷன் என்று பேர். லேப்டாப்பைத் தானே எடுத்தார். மேசையில் வைத்தார். உட்காரவில்லை, நின்றபடி அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். ஒரு கை அடிக்கிறது, இன்னொரு கை குழந்தைக்கு வெயில் படாமல் மறைப்பதுபோல விசைகளுக்கு மேல். எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கு எனக்கு வெட்கம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், பரீட்சை ஹாலில் காப்பி அடிக்கிறவள் என்று நினைத்துவிடுவார்களோ என்பதுபோல. சட்டையின் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியிருந்தது. இவருக்கும் அதே இடத்தில்தான் இறங்கும், அண்ணன் தம்பிக்கு அதுகூட ஒன்று. “போனையும் குடு.” அதையும் அப்படியே. “ஆச்சு. இனிமே தானா எடுத்துக்கும், நீ ஒண்ணும் போட வேண்டாம்.”

“ரொம்ப நன்றிங்க மாமா” என்றது என் வாய்.

அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கூரையில் வெடிப்பு இருக்கும் மூலையைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார். “பூச்சு வேலை பாக்கணும் இங்க. கல்யாணத்துக்கு முன்னால ஆரம்பிச்சுடலாம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். லேப்டாப்பில் எல்லாம் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தது, காலையிலிருந்து வெளியே நின்ற அத்தனையும். உடனே மிருதுளா வீடியோவில் வந்தாள், தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

“வந்துடுச்சா! என்னவாம்? மாத்தினாங்களா?”

“மாத்தியிருக்காங்க.”

“என்ன பாஸ்வேர்டு? சொல்லு, எழுதி வெச்சுக்கறேன். லீவுக்கு வந்தா எனக்கும் வேணும்ல.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்குத் தடங்கலே இல்லாமல், ஒரு கட்டம்கூட உடையாமல், நெற்றிப் பொட்டு வரை தெளிவாக இருந்தது. மறந்துட்டேன்டி என்று சொல்லலாம். நீ வரும்போது பெரியப்பா போட்டுக் குடுப்பார் என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனி வரை வந்தது. அவள் பேரைத்தான் எடுத்துவிட்டார்கள் என்பது அவளுக்குத் தோன்றியிருக்கிறதா என்று தெரியவில்லை.

“என்கிட்ட சொல்லலைடி. முதுகைக் காட்டிக்கிட்டு அவரே போட்டுட்டுப் போனார்.”

அவள் துண்டை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். காலையிலிருந்து நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன் என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. மெஷின் என்று சொல்லவில்லை. வயர் என்று சொல்லவில்லை.

“இரு, நான் கீழே போயிட்டு வந்து கூப்பிடறேன்” என்றேன்.

கீழே இரண்டு பேரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா கையில் டீ டம்ளர், அக்கா மடியில் பூ, கட்டிக்கொண்டிருந்தாள். நான் கடைசிப் படியில் நின்றேன், தரையில் இறங்கவில்லை.

“மாமா, பாஸ்வேர்டைச் சொல்லுங்க.”

“அதான் போட்டுக் குடுத்தேனேம்மா. வரலையா?”

“வருது. என்னன்னு சொல்லுங்க. மிருதுளா வந்தா அவளுக்கும் வேணும்.”

“அவ வரப்ப பாத்துக்கலாம்.”

“இப்பவே சொல்லிடுங்க மாமா. நான் ஞாபகம் வெச்சுக்கறேன்.”

அக்காவின் விரல் நூலில் நின்றது, தலை நிமிரவில்லை. டிவியில் யாரோ யாரையோ அறைந்தார்கள், இசை எழுந்தது. மாமா டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அதே மெதுவான குரலில், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல.

“அது எதுக்கும்மா உனக்கு?”

நான் பதிலுக்குக் காத்திருந்ததுபோல நின்றேன். பதில்தான் வந்துவிட்டதே. எத்தனை மாசமாகத் தேடினேன் இதை, கேட் சாவியில், மோட்டார் சுவிட்சில், சிமெண்ட் மூட்டையில், மிக்சர் தட்டில். ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு காரணம் சொல்லி அவர்கள் வாயில் இது வராமல் பார்த்துக்கொண்டேன். வந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தது. காய்ச்சல் விட்டுப்போன உடம்பு மாதிரி, கசப்பு மட்டும் நாக்கில் மிச்சம், மற்றபடி லேசாக இருந்தது.

“சரிங்க மாமா” என்றேன். ஏறி வந்தேன். நாளைக்கே என் பேரில் ஒரு கனெக்‌ஷன் வாங்கவேண்டும், கம்பம் தெருவின் வடகோடியில், வயர் பால்கனிப் பக்கமாக வந்தால் கீழ்ச் சுவரைத் தொட வேண்டியதில்லை. அப்படியே வீட்டு வரியையும் போய்ப் பார்க்கவேண்டும், யார் பேரில் என்று. வக்கீல் யாராவது. மிருதுளாவின் சிநேகிதி ஒருத்தியின் அப்பா வக்கீல் என்று சொல்லியிருக்கிறாள். பயமாகத்தான் இருந்தது. படி முடிகிற இடத்தில் கதவு ஒன்று உண்டு, எப்போதும் திறந்தே கிடக்கும், பகலிலும் ராத்திரியிலும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை யாரும் சாத்தி நான் பார்த்ததில்லை. சாத்தினேன். என் பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. வருஷா வருஷம் பெயிண்ட் மேல் பெயிண்டாக அடித்து, கட்டையோடு கட்டையாக இறுகிப் போயிருந்தது, இழுத்தால் அசையவில்லை. சமையலறையிலிருந்து இஞ்சி தட்டுகிற கல்லை எடுத்து வந்தேன். ஓங்கி ஒரு தட்டு. பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. கீழே டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். யாரோ படிக்குக் கீழே வந்து நிற்கிறார்கள் என்று தெரிந்தது. இன்னொரு தடவை தட்டினேன். துளைக்குள் போயிற்று.